கையெழுத்து உங்களுடையது

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 31 வயது. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். முதல் பெண்ணுக்கு 4 வயது ஆகிறது. இப்போது இரண்டாவது, 22 வாரம் ஆரம்பித்திருக்கிறது. டிஃபா ஸ்கேன் எடுத்தபோது குழந்தையின் முதுகெலும்பு கீழ்ப்பக்கம் மூடவில்லை, தலையில் நீர் சேர்கிறது, இரண்டு பாதமும் வளைந்திருக்கிறது என்றார்கள். ரிப்போர்ட்டில் 'மெனிங்கோமைலோசீல், எல்3 முதல் எஸ்1 வரை', 'வென்ட்ரிகிள் 13 மி.மீ.', 'லெமன் சைன், பனானா சைன்' என்று எழுதியிருக்கிறது. "கலைச்சிடுங்கம்மா, 24 வாரம் தாண்டினா யாரும் தொடமாட்டாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர்களுக்குத் தெரிவதற்குள் முடித்துவிடலாம் என்கிறார் மாமியார். சாமி மேல் பாரத்தைப் போட்டுப் பெற்றுக்கொள் என்கிறார் அம்மா. கணவர் "நீ சொல்றதுதான்" என்கிறார். ஆனால் ராத்திரியில் அவரும் தூங்குவதில்லை. என் அண்ணனுக்குச் சின்ன வயதில் போலியோ வந்தது. காலில் இரும்பு மாட்டித்தான் நடக்கிறார். செல்போன் கடை வைத்து எங்கள் குடும்பத்தைத் தாங்கியவர். நடக்க முடியாது என்பதற்காக ஒரு குழந்தையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஸ்கேனில் குழந்தை காலை உதைப்பதை நானே பார்த்தேன். கிரகணத்தன்று வெளியே போனேன், அதனால் இருக்குமா? பெண் தினமும் என் வயிற்றில் முத்தம் கொடுக்கிறாள். அவளிடம் என்ன சொல்வது? நான் என்ன செய்ய வேண்டும்?
— பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: வணக்கம்மா. நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லப் போவதில்லை. கலைக்கச் சொல்லவும் மாட்டேன், சுமக்கச் சொல்லவும் மாட்டேன். இரண்டு பாதையிலும் நடக்கப்போவது நீங்கள்தான். உங்கள் கடிதத்தில் உள்ள மற்ற எல்லாவற்றுக்கும் ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. அதெல்லாம் தெரிந்தால் கடைசிக் கேள்வியின் பாரம் கொஞ்சமாவது குறையும்.

முதலில் அந்த 24 வாரக் கணக்கு. உங்களைத் தூங்கவிடாமல் துரத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அதைப் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். 1971-இல் வந்த கருக்கலைப்புச் சட்டத்தில் 20 வாரம் என்ற எல்லை இருந்தது. அன்றைக்கு ஸ்கேன் என்பதே ஊரில் கிடையாது. பிறகு 18, 20 வாரத்தில் குழந்தையை உறுப்பு உறுப்பாகப் பார்க்கும் இந்த டிஃபா ஸ்கேன் வந்தது. குறை தெரியவரும்போது சட்டத்தின் கதவு சாத்தியிருக்கும். 2008-இல் மும்பைத் தம்பதி ஒருவர், குழந்தையின் இதயத்தில் பெரிய கோளாறு என்று 24 வாரத்துக்குப் பிறகு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதற்குப் பிறகும் பல பெண்கள் வயிற்றில் பிள்ளையோடு கோர்ட் படி ஏறினார்கள். 2021-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

இப்போதைய நிலை இதுதான். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, சட்டம் குறிப்பிடும் சில காரணங்களுக்கு, இரண்டு மருத்துவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். குழந்தை பிழைக்க வாய்ப்பில்லாத கோளாறு, பிறந்தால் கடுமையான உடல் அல்லது மனக் குறைபாட்டோடு வாழ நேரும் கோளாறு ஆகியவை அந்தக் காரணங்களில் அடங்கும். நீங்கள் இப்போது இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறீர்கள். 24 வாரத்தைத் தாண்டினால் 'யாரும் தொடமாட்டார்கள்' என்பது சரியில்லை. குழந்தைக்குக் கணிசமான குறைபாடு என்றால், மாநில அரசு அமைத்திருக்கும் மருத்துவக் குழுவிடம் போகலாம். மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் நிபுணர் ஆகியோர் அதில் இருப்பார்கள். விண்ணப்பம் வந்த 3 நாளுக்குள் குழு கருத்துச் சொல்ல வேண்டும். அனுமதித்தால், விண்ணப்பம் வந்த 5 நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும் என்பது விதி. இதற்கு வார எல்லை கிடையாது.

அதற்காக நிதானமாக இருக்கலாம் என்று சொல்லவில்லை. 24 வாரத்துக்கு முன்னால் முடிவு பெரும்பாலும் உங்கள் கையில். அதற்குப் பின்னால் குழுவின் கையில். 'கணிசமான' என்ற சொல்லுக்கு எல்லாக் குழுவும் ஒரே பொருள் கொள்வதில்லை. நாள் ஏற ஏற உடம்புக்கும் மனசுக்கும் சுமை கூடும். ஆனால் நாளைக் காலையே போய்ப் படுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு வாரம் பத்து நாள் இருக்கிறது. கேட்க வேண்டியவர்களிடம் கேட்டு யோசிக்க அது போதும்.

இன்னொன்று. இந்தச் சட்டப்படி 18 வயது நிறைந்த பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும். கணவர், மாமியார், அப்பா யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. பல மருத்துவமனைகளில் கணவரிடமும் வாங்குகிறார்கள். அது பின்னால் சண்டை வந்தால் தங்களைக் காத்துக்கொள்வதற்கு. இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 89-ஆம் பிரிவில் கடுமையான குற்றம். ஆயுள் தண்டனை வரை போகும். மாமியார் அவசரப்படுத்துவதாலோ அம்மா அழுவதாலோ அந்தத் தாளில் பேனா நகரக் கூடாது. உங்கள் விவரத்தை வெளியே சொல்லும் மருத்துவருக்கும் தண்டனை உண்டு. ஆகவே சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தை ஓரமாக வைக்கலாம்.

(சில தனியார் மருத்துவமனைகள் 20 வாரம் தாண்டியதுமே 'எங்களுக்கு வேண்டாம்' என்று கைவிரிக்கும். பெண் சிசுவைத் தேடிக் கலைப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இதையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்ட பயம் அது. இரண்டும் வேறு வேறு. உங்கள் பக்கத்தில் பெருந்துறையிலும் கோவையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. இலங்கையிலிருந்து படிப்பவர்கள் கவனிக்க: அங்கே தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே சட்டம் இடம் தருகிறது, குழந்தையின் குறைக்காக அல்ல.)

சரி, இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். மெனிங்கோமைலோசீல் என்றால், முதுகெலும்பு மூடாமல் அந்த இடத்தில் தண்டுவட நரம்புகள் வெளியே பிதுங்கியிருப்பது. ஸ்கேன் தப்பாக இருக்குமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் கால் உதைத்ததை எழுதியிருக்கிறீர்களே, அதற்குள் இந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. முதுகுத்தண்டு திறந்திருப்பதை மட்டும் பார்த்து எழுதியிருந்தால் எனக்கும் ஒரு சந்தேகம் இருந்திருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் தலையின் அடையாளங்களும் இருக்கின்றன. முதுகு திறந்திருந்தால் அங்கே நீர் கசிந்து, மூளையின் பின்பகுதி கீழ்நோக்கி இழுபடும். சிறுமூளை வாழைப்பழம் போல் வளைந்து தெரியும். நெற்றிப்பக்க எலும்பு உள்வாங்கி எலுமிச்சை வடிவில் தெரியும். இவை சேர்ந்து வந்தால் திறந்த வகைக் குறை என்பதில் பெரிய ஐயம் இல்லை. தோல் மூடிய வகையும் ஒன்று உண்டு. அதில் இந்த மூளை மாற்றம் இருக்காது, பிள்ளைகளும் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார்கள். உங்கள் குழந்தைக்கு அந்த வகை இல்லை என்றுதான் ரிப்போர்ட் சொல்கிறது.

தப்பாகக் கூடியது மட்டம், அதாவது முதுகில் எந்த எலும்பிலிருந்து திறந்திருக்கிறது என்பது. எல்3 என்றால் இடுப்புப் பகுதி முதுகெலும்பில் மூன்றாவது. எல்3 என்று எழுதியது பிறந்த பிறகு எல்2 ஆகவோ எல்4 ஆகவோ இருக்கலாம். ஒன்றிரண்டு எலும்பு முன்பின் ஆவது சகஜம். இந்தக் குறையில் மட்டம்தான் பிள்ளையின் வாழ்க்கையை வெகுவாகத் தீர்மானிக்கிறது என்பதால், கரு மருத்துவ நிபுணர் ஒருவரிடம் மறு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று இதயம் முதல் சிறுநீரகம் வரை பார்க்கச் சொல்லுங்கள். பனிக்குட நீர் எடுத்து குரோமோசோம் சோதிக்கலாமா என்றும் கேளுங்கள். முதுகுக் குறையோடு 18-ஆவது குரோமோசோம் கோளாறும் சேர்ந்திருந்தால் கதையே வேறு. அதில் பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. முதல்கட்ட முடிவு சில நாளில் வந்துவிடும். விரிவான முடிவுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும்.

காலை உதைப்பது பற்றிச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். வயிற்றுக்குள் கால் அசைவதை வைத்துப் பிறந்த பிறகு நடக்குமா என்று சொல்ல முடியாது. மூளையிலிருந்து கட்டளை வராமலே முதுகுத்தண்டின் அனிச்சைச் செயலாகக் கால் அசையும். திறந்து கிடக்கும் நரம்புகள் பனிக்குட நீரில் நாள் முழுக்க நனைந்து மேலும் சேதமாவதால், இன்று இருக்கும் அசைவு கடைசி மாதத்தில் குறைந்தும் போகலாம்.

அப்படியானால் எல்3 மட்டத்தில் ஒரு பிள்ளை எப்படி வளரும்? நான் பார்த்தவரையும் புத்தகங்கள் சொல்வதும்: இடுப்பை மடக்க முடியும், முழங்காலை ஓரளவு நீட்ட முடியும், பாதத்தில் பலம் இருக்காது. காலில் பட்டையும் கையில் ஊன்றுகோலும் இருந்தால் வீட்டுக்குள் நடக்கும் பிள்ளைகள் உண்டு. வெளியே போக சக்கர நாற்காலி தேவைப்படும். வளர்ந்து எடை கூடும்போது, பதின்வயதில், நடந்துகொண்டிருந்த பலரும் நாற்காலிக்கே மாறிவிடுகிறார்கள். தலையில் சேரும் நீருக்கு, மூளையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் பதிக்கும் ஷண்ட் ஆபரேஷன் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவைப்படுகிறது. அது அடைத்துக்கொண்டாலோ கிருமி புகுந்தாலோ மறுபடி ஆபரேஷன். அறிவைப் பொறுத்தவரை, பலருக்குச் சாதாரண எல்லைக்குள்ளேயே இருக்கும். கணக்கு, கவனம், திட்டமிட்டுச் செய்வது இவற்றில் சிரமம் வரும். உங்கள் ரிப்போர்ட்டில் 13 மி.மீ. என்று இருப்பது வென்ட்ரிகிளின், அதாவது மூளைக்குள் நீர் இருக்கும் அறையின் அகலம். அது மிதமான வீக்கம்தான். அது இன்னும் கூடலாம்.

ஸ்கேன் அறையில் அநேகமாகச் சொல்லாமல் விடுவது சிறுநீர் விஷயம். பாதிப்புள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீர்ப்பை தானாக வேலை செய்யாது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை மெல்லிய குழாயை விட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டும். முதலில் நீங்கள் எடுப்பீர்கள், பிறகு பிள்ளையே கற்றுக்கொள்ளும். ஆயுள் முழுவதும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும். முன்பெல்லாம் இந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு உயிரைப் பறித்ததில் அது முக்கியமான காரணம். மலம் கழிப்பதற்கும் தனிப் பழக்கம் வேண்டும். காலில் உணர்ச்சி இருக்காது என்பதால் வெந்நீர் பட்டாலும் கல் குத்தினாலும் தெரியாது, புண்ணாகிவிடும். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதில் வரும் பெரிய தடையே காலைவிட இந்தச் சிறுநீர்க் குழாய்தான். யார் போடுவது, எங்கே போடுவது?

இதைப் படித்துவிட்டு நான் பயமுறுத்துகிறேன் என்று நினைக்கலாம். நல்ல கவனிப்பு கிடைத்தால் நாலில் மூன்று பங்குக்கு மேல் பிள்ளைகள் பெரியவர்களாகிறார்கள். படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், திருமணமும் செய்துகொள்கிறார்கள். என்னைப் போன்ற ஸ்கேன் பார்க்கும் ஆட்களிடம் ஒரு குறை இருக்கிறது. நாங்கள் பார்ப்பது திரையில் தெரியும் குறையை. 15 வயதில் அந்தப் பிள்ளை அம்மாவோடு வாயாடுவதை நாங்கள் பார்ப்பதில்லை. அதனால்தான் 'கலைச்சிடுங்க' என்று இரண்டு நிமிடத்தில் வாயில் வந்துவிடுகிறது. முடிவெடுக்கும் முன் குழந்தைகளுக்கான நரம்பு அறுவை மருத்துவர் ஒருவரையும் மறுவாழ்வு மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். வேலூர் சி.எம்.சி.யில் இதற்கான துறை வெகுகாலமாக இயங்குகிறது. விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அந்தத் துறையைக் கட்டியெழுப்பியவர் டாக்டர் மேரி வர்கீஸ். முடிந்தால் இந்தக் குறையோடு வளரும் பிள்ளையின் அம்மா ஒருவரிடமும் பேசுங்கள். மருத்துவர் மூலமாகக் கேட்டால் சிலர் சம்மதிப்பார்கள்.

வயிற்றில் இருக்கும்போதே முதுகை மூடும் ஆபரேஷன் பற்றி யாராவது சொல்லியிருக்கலாம். 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், பிறந்த பின் மூடியவர்களில் 100-க்கு 82 பேருக்கு ஒரு வயதுக்குள் ஷண்ட் தேவைப்பட்டபோது, வயிற்றுக்குள்ளேயே மூடியவர்களில் 40 பேருக்கே தேவைப்பட்டது. இரண்டரை வயதில் துணையின்றி நடந்தவர்களும் 21-லிருந்து 42 ஆக உயர்ந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் 26 வாரத்துக்குள் செய்ய வேண்டும், அம்மாவின் கருப்பையைத் திறக்க வேண்டும், குறைமாதப் பிரசவம் ஆகலாம், அடுத்த பிரசவங்களும் சிசேரியனாகவே ஆக வேண்டும். நம் நாட்டில் இது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. மறு ஸ்கேனின்போது கேட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் அதற்காக வருந்திக்கொண்டு இருக்காதீர்கள்.

இப்போது அண்ணன். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது அந்த வரிகள்தான்.

போலியோ கிருமி முதுகுத்தண்டில் தசையை இயக்கும் நரம்பணுக்களை மட்டும் தாக்கும். அதனால் உங்கள் அண்ணனுக்குக் காலில் பலம் போனது. உணர்ச்சி போகவில்லை. சிறுநீர், மலம் எல்லாம் நம்மைப் போலவே. மூளையில் ஒரு தொந்தரவும் கிடையாது. இரும்புப் பட்டை மாட்டிக்கொண்டு அவர் கடைக்குப் போய் வர முடிகிறது. உங்கள் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இயக்கம், உணர்ச்சி, சிறுநீர், மலம், தலை நீர் எல்லாம் சேர்ந்து வருகின்றன. இரண்டும் 'நடக்க முடியாத' நிலை என்று வெளியே ஒன்றுபோலத் தெரிகிறது, உள்ளே வேறு. ஆகவே அண்ணன் நன்றாக இருக்கிறார் என்பதை வைத்து இந்தக் குழந்தையும் அப்படி இருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். அதே காரணத்தால், இந்தக் கர்ப்பத்தைப் பற்றி நீங்கள் எடுக்கும் முடிவு அவர் வாழ்க்கைக்குப் போடும் மார்க்கும் அல்ல.

இதை இவ்வளவு எளிதாகச் சொல்லித் தப்பிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். மாற்றுத்திறனாளிகளுக்காகக் குரல் கொடுப்பவர்கள் இந்தச் சட்டத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள்: மற்றக் கருவுக்கெல்லாம் 24 வாரத்தில் எல்லை கட்டிவிட்டு, குறையுள்ள கருவுக்கு மட்டும் எல்லையே இல்லை என்றால், எங்களைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? நியாயமான கேள்வி. என்னிடம் அதற்கு முழுப் பதில் இல்லை. சட்டம் கலைக்க வழி திறந்துவிட்ட அளவுக்கு, வளர்க்க வழி செய்திருந்தால் அந்தக் கேள்வியின் கூர்மை குறைந்திருக்கும். சாய்வுப் பாதையும் சுத்தமான கழிப்பறையும் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு எதிரிலே நின்றுகொண்டு 'தாயின் சுதந்திரமான முடிவு' என்று பேசுவது எனக்கே சில சமயம் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பழியை 31 வயதுப் பெண் ஒருத்தியின் வயிற்றில் கட்டிவிட முடியாது. சமூகம் சரியாகும்வரை நீங்கள்தான் சுமந்து காட்ட வேண்டும் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

ஒன்று செய்யலாம். அண்ணனிடமே பேசுங்கள், முடிவைக் கேட்பதற்காக அல்ல. நீங்கள் பயப்படுவது அவர் மௌனத்தை. அவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். சின்ன வயதில் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தது யார், பள்ளிக்கூடத்தில் என்ன பேசினார்கள், எது வலித்தது, எது வலிக்கவில்லை என்பதெல்லாம் அவரைவிட உங்களுக்குச் சொல்லக்கூடியவர் யார்? நீங்கள் கலைத்தாலும் பெற்றாலும் அவருக்குத் தெரியாமல் நடந்தது என்றால்தான் முகத்தில் விழிக்கக் கஷ்டமாக இருக்கும்.

கலைப்பது என்று நீங்கள் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பல பெண்கள் மயக்க மருந்து கொடுத்து எடுத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்து, அப்புறம் அதிர்ச்சி அடைகிறார்கள். இந்த மாதத்தில் அது ஒரு பிரசவம்தான். முதலில் மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரை. ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் மாத்திரைகள். வலி வந்து, சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் பெரும்பாலும் பிரசவமாகும். வலிக்கு மருந்து கேட்டு வாங்குங்கள், தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. குழந்தை உயிரோடு பிறப்பதைத் தவிர்க்க, மாத்திரைக்கு முன்பே ஊசி போட்டு இதயத் துடிப்பை நிறுத்துவது இந்த வாரங்களில் பல இடங்களில் வழக்கம். செய்வார்களா, எப்படிச் செய்வார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அறையில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல அது.

குழந்தையைப் பார்க்க வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். "பார்க்க வேண்டாம், மனசு கெடும்" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். நானூறு ஐந்நூறு கிராம் எடையில் கையும் காலும் முகமும் உள்ள குழந்தையாக இருக்கும். பார்த்தவர்களில் பலர் பார்த்தது நல்லது என்கிறார்கள். பார்க்க மனமில்லாதவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. அந்த நேரத்தில் மனம் மாறினால் நர்ஸிடம் சொல்லுங்கள். அடக்கம் செய்ய வீட்டுக்காரர்கள் எடுத்துப்போகலாமா, எப்படி என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

மூன்றாம் நாள் வாக்கில் பால் சுரக்கும். இதை யாரும் சொல்லிவைப்பதில்லை. மார்பு கனத்து, ஜாக்கெட் நனையும்போதுதான் பல பெண்கள் உடைந்துபோகிறார்கள். பிரசவம் ஆனவுடனேயே கேபர்கோலின் மாத்திரை கொடுத்தால் தடுக்கலாம். மறக்காமல் கேளுங்கள். உங்கள் இரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள். குழந்தையின் உடலைப் பரிசோதிக்கச் சம்மதிப்பீர்களா என்று கேட்பார்கள். முடிந்தால் சம்மதியுங்கள், அடுத்த கர்ப்பத்துக்கு அது உதவும். வேலை பற்றி: மகப்பேறு நல விதிகளின்படி கருச்சிதைவுக்கும் சட்டப்படியான கருக்கலைப்புக்கும் சம்பளத்தோடு 6 வாரம் விடுப்பு உண்டு. மருத்துவச் சான்று போதும். கம்பெனியில் யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

தொடர்வது என்று முடிவெடுத்தால், முதல் வேலை பிரசவ இடத்தை மாற்றுவது. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சையும் நரம்பு அறுவை சிகிச்சையும் ஒரே கட்டடத்தில் உள்ள இடம் வேண்டும். முதுகை இரண்டு மூன்று நாளுக்குள் மூட வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு ரப்பர் ஒவ்வாமை எளிதில் வரும் என்பதால், முதல் நாளிலிருந்தே லேடெக்ஸ் கையுறை வேண்டாம் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். வளைந்த பாதத்துக்கு மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டுச் சரிசெய்யும் முறை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மாத உதவித்தொகை இவற்றுக்கெல்லாம் பிறந்தவுடனேயே விண்ணப்பியுங்கள். சாமி மேல் பாரத்தைப் போடச் சொல்லும் உங்கள் அம்மாவிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: தினமும் நாலு தடவை குழாய் போடுவதை நீங்களும் கற்றுக்கொள்வீர்களா? கிண்டலாகக் கேட்கவில்லை. இன்னொரு கை இருக்கிறதா என்பது முடிவையே மாற்றும்.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கரு உண்டான 28 நாளுக்குள் முதுகுக் குழாய் மூடிவிட வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள் அது முடிந்துபோன காரியம். அப்போது நீங்கள் கர்ப்பம் என்று தெரிந்திருந்தால்கூட அதிசயம். பாரம் தூக்கியதும் பப்பாளி தின்றதும்கூட காரணம் இல்லை. வலிப்புக்கு வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சர்க்கரை இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு காரணத்தைச் சுட்ட முடியாது.

அடுத்த முறை திரும்ப வர வாய்ப்பு 100-க்கு 2 முதல் 5. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே, ஒரு மாதத்துக்கு முன்பாவது, மூன்று மாதம் இருந்தால் இன்னும் நல்லது, ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் மாத்திரை தினமும் தொடங்கி 12 வாரம் வரை எடுக்க வேண்டும். ஏற்கெனவே இப்படிக் குழந்தை உண்டான பெண்களுக்கு இப்படி அதிக அளவில் ஃபோலிக் அமிலம் கொடுத்தால் திரும்ப வருவது 72 சதவீதம் குறைகிறது என்று 1991-இல் வந்த பெரிய ஆய்வு நிரூபித்தது. கர்ப்பம் உறுதியான பிறகு ஆரம்பித்தால் இதற்குப் பயன் இல்லை.

உங்கள் பெண்ணிடம். நாலு வயதுக்கு நீளமான விளக்கம் வேண்டாம், பொய்யும் வேண்டாம். "பாப்பா தூங்கிவிட்டது" என்று சொன்னால் தூங்கவே பயப்படுவாள். "சாமி எடுத்துக்கொண்டது" என்றால் அடுத்து யாரை எடுக்கும் என்று கேட்பாள். கலைத்தால், "பாப்பாவுக்கு உள்ளே ரொம்ப உடம்பு சரியில்லை, அதனால் பாப்பா வீட்டுக்கு வராது, அம்மாவுக்கு அழுகை வருது" என்று சொல்லலாம். தொடர்ந்தால், "பாப்பாவுக்கு முதுகிலே புண் இருக்கும், டாக்டர் தைப்பார், நாம மெதுவாத் தூக்கணும்". எப்படியானாலும், அவள் முத்தம் கொடுத்ததாலோ வயிற்றில் சாய்ந்ததாலோ எதுவும் ஆகவில்லை என்று அவள் கேட்காமலே ஒரு தடவை சொல்லிவிடுங்கள். முடிவு தெரியும்வரை முத்தம் கொடுப்பதைத் தடுக்க வேண்டாம்.